கோடம்பாக்கத்தில் பதிவான உறுமி: எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ உருவானதும் உலகம் அதைக் கேட்டதும்

2006-இல் அமெரிக்க விசா கிடைத்திருந்தால், லண்டனில் வாழும் ஈழத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் இரண்டாவது ஆல்பமான ‘கலா’ இன்று நாம் கேட்கும் வடிவத்தில் இருந்திருக்காது. அப்போது ஹிப்ஹாப்பில் கொடிகட்டிப் பறந்த தயாரிப்பாளர் டிம்பலண்டோடு அமெரிக்காவில் உட்கார்ந்து பாட்டுகளைச் செய்வதுதான் திட்டம். புரூக்ளினில் வீடும் ஏற்பாடாகியிருந்தது. ஆனால் குடிவரவுத் துறை அவரை உள்ளே விடவில்லை. தன் மைஸ்பேஸ் பக்கத்தில் அதை அவரே எழுதிவிட்டு, திட்டத்தை மூட்டை கட்டி வைத்தார். அதன்பின் ஓரிடத்தில் தங்காமல் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போகிற இடமெல்லாம் பதிவு செய்துகொண்டே வந்தார். 2007 ஆகஸ்டில் வெளியான 12 பாட்டுகளில் டிம்பலண்டோடு செய்தது ஒன்றே ஒன்று. ‘கம் அரவுண்ட்’ என்ற அந்தப் பாட்டு கடைசியில் வருகிறது. மற்ற 11-இன் வேகத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் பக்கத்தில் அது சோர்வாகவே கேட்கிறது.

இந்த ஆல்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் மலைமலையாக எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டே கோணங்கள்தான்: உலகம் சுற்றி ஒலி சேகரித்த சாகசக் கதை, அல்லது துப்பாக்கிச் சத்தம் வைத்த பாட்டுக்காரியின் அரசியல். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டால், அது அடிப்படையில் உழைப்பைப் பற்றிய இசை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிழைப்பு, காசு, அதைச் சம்பாதிக்கப் படும் பாடு, அந்த உழைப்புக்கான பெயர் யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி. தலைப்பே அதைத்தான் சொல்கிறது.

கலா என்பது அவருடைய அம்மாவின் பெயர். முதல் ஆல்பம் ‘அருளர்’, 2005-இல் வந்தது. அது அப்பாவின் இயக்கப் பெயர். லண்டனில் உருவான ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 1975-இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணம் போய்விட்டது. அப்பா பெரும்பாலும் தலைமறைவாகவே இருந்தார். போர் முற்றிய பிறகு, 1980-களின் நடுவில், பிள்ளைகளோடு அகதியாக லண்டன் வந்து சேர்ந்தது அம்மா. குடும்பத்தைக் கரையேற்றியது அம்மாவின் தையல் வேலை. பிரிட்டிஷ் அரசு விருதாகக் கொடுக்கும் பதக்கங்களுக்கான நாடாக்களைக் கையால் தைப்பவராக அவர் 30 வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தார். 2019-இல் மகளுக்கே எம்.பி.ஈ. என்ற பிரிட்டிஷ் அரசு விருது அறிவிக்கப்பட்டபோதுதான் இது வெளியே பரவலாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் இந்தக் கைத்தையலைச் செய்யும் இரண்டே பெண்களில் அம்மா ஒருவர் என்று எம்.ஐ.ஏ. அப்போது எழுதினார். ‘அருளர்’ வந்த காலத்தில் பத்திரிகைகள் அப்பாவைப் பற்றிக் கேட்டுத் துளைத்தன. போராளியின் மகள் என்பது நல்ல தலைப்புச் செய்தி. ஊசியும் நூலும் யாருக்கும் செய்தியாகப் படவில்லை. இரண்டாவது ஆல்பத்துக்கு அம்மாவின் பெயரை வைத்ததை அதற்கான பதிலாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

‘அருளர்’ உருவான விதமும் ‘கலா’ உருவான விதமும் நேர் எதிரானவை. முதல் ஆல்பத்தின் விதை, ரோலண்ட் எம்.சி.505 என்ற ஒரு பெட்டிக்குள் இருந்தது. தாளம், பாஸ், கீபோர்டு எல்லாம் அடங்கிய அந்த இயந்திரத்தை வைத்து, படுக்கையறையில் உட்கார்ந்து, ஓவியமும் திரைப்படமும் படித்துவிட்டு வந்த ஒரு பெண் தானாகக் கற்றுக்கொண்டு செய்த இசை அது. குறைந்த கருவி, அதிக வெற்றிடம். பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் அந்த ஆண்டு போனது. அடுத்த ஆல்பத்துக்கு அந்த வெற்றிடம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, ‘கலா’வில் மூச்சு விடக்கூட இடமில்லாத நெரிசல். மேளம், கோழி, குழந்தைகளின் கூச்சல், விசில், அதன்மேல் இன்னொரு மேளம்.

அந்த மேளங்கள் எங்கிருந்து வந்தன என்பது நமக்கு நெருக்கமான கதை. 2006 தொடக்கத்தில் சுற்றுப்பயணம் முடிந்து அவர் இந்தியா வந்தார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானைச் சந்தித்தார். தன் தலையில் இருக்கும் ஒலியைச் சொல்லில் விளக்க முடியாமல் போனதால் இருவரும் சேர்ந்து பாட்டு எதுவும் செய்யவில்லை. ஆனால் ரஹ்மான் கலைஞர்களின் தொடர்புகளைக் கொடுத்தார், கோடம்பாக்கத்தில் இருக்கும் தன் ஏ.எம். ஸ்டுடியோவைப் பயன்படுத்தவும் விட்டார். அங்கேதான் 22 பேர் கொண்ட மேளக் குழு பதிவானது. ஒலிப்பதிவுக்கு உதவ லண்டனிலிருந்து ஸ்விட்ச் என்ற பெயரில் இயங்கும் டேவ் டெய்லர் வந்தார். வந்த இடத்தில் வேலை பெருகி, ஆல்பத்தின் முக்கியமான தயாரிப்பாளராகவே ஆகிவிட்டார்.

அந்தப் பதிவில் ஒலித்த உறுமியைக் கோயில் கொடையிலோ, சாவு வீட்டிலோ, நையாண்டி மேளத்திலோ கேட்காத தமிழர் குறைவு. இடுப்பு சிறுத்த இருமுக மேளம். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றைப் பிசைகிற அந்த உறுமல் எழும், கேட்டவர்களுக்குச் சாமி வரும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறுமி மேளக் குழுக்களுக்கு இளைஞர்களிடம் இருக்கும் மவுசு தெரிந்ததே. சினிமா ஒலிப்பதிவில் இதை வழக்கமாக ஊர்த் திருவிழாக் காட்சிக்கு வைப்பார்கள், பிறகு வயலின் வந்து மூடிவிடும். எம்.ஐ.ஏ.யும் ஸ்விட்சும் செய்தது வேறு. மேளத்தை அலங்காரமாகப் பின்னால் வைக்காமல், நடன அரங்குப் பாட்டில் டிரம் மெஷின் உட்காரும் அதே நாற்காலியில் அதை உட்கார வைத்தார்கள். 

‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டில் இது முழு உக்கிரத்தோடு கேட்கும். பாட்டு என்று சொன்னாலும் மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. மேளம் அலையலையாக வந்து மோதுகிறது, கோழி கொக்கரிக்கிறது, குழந்தைகள் கத்துகிறார்கள், அதற்கு நடுவே அலட்சியமான ஒரு குரல் பேசிக்கொண்டே போகிறது. ‘ஜெயம்’ படத்தின் ‘திருவிழான்னு வந்தா’ பாட்டிலிருந்து, ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த அதிலிருந்து, ஒரு துண்டும் இதில் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அது உடனே பிடிபடும். லண்டன் விமர்சகருக்கு அது புதிய உலகம். 2006 இறுதியில் இதைத்தான் முதலில் இணையத்தில் விட்டார். வானொலியில் போட வாய்ப்பே இல்லாத ஒரு பாட்டை முதல் அறிமுகமாகக் கொடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஆல்பத்தின் தொடக்கப் பாட்டான ‘பாம்பூ பங்கா’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ நினைவிருக்கும்: இளையராஜா, 1991, போகித் தீயைச் சுற்றி ரஜினியும் மம்முட்டியும். அந்தப் பாட்டின் துண்டு ஒன்று இதில் ஓடுகிறது. அதன்மேல் அமெரிக்க ராக் பாடகர் ஜொனதன் ரிச்மனின் பழைய கார்ப்பயணப் பாட்டின் வரிகளைத் திருப்பிப் போட்டு, ஓடும் காரின் கதவைத் தட்டும் மூன்றாம் உலகத்துப் பையன்களின் பக்கத்திலிருந்து பாடுகிறார். காருக்குள் இருப்பவர் பாடிய பாட்டை வெளியே நிற்பவர் கைக்கு மாற்றிக் கொடுத்தது, ஆல்பத்திலேயே மிகக் கூர்மையான செயல் என்பேன். ‘ஜிம்மி’ இதற்கு மாறாக நேரடியான அன்பு: 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ படத்துக்கு பப்பி லஹிரி போட்ட பாட்டின் மறுபிறவி. சிறுவயதில் விருந்துகளில் அவர் ஆடிய பாட்டு அது. ஆனால் அந்தத் துள்ளலுக்குள்ளும், சூடானின் டார்ஃபூர் போன்ற படுகொலை நடந்த இடங்களுக்குத் தன்னைக் கூட்டிப் போகச் சொல்லும் வரிகளைச் செருகி வைத்திருக்கிறார்.

மற்ற இடங்களை வேகமாகக் கடக்கலாம். ‘பாய்ஸ்’ சென்னை மேளத்தையும் டிரினிடாடின் சோக்கா என்ற நடன இசையின் வேகத்தையும் சேர்த்தது, அதன் வீடியோ ஜமைக்காவில் எடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றங்கரை ஊரான வில்கானியாவைச் சேர்ந்த பூர்வகுடிச் சிறுவர்கள் ஏற்கெனவே செய்திருந்த ராப் பாட்டை எடுத்து, தன் குரலையும் சேர்த்து ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’ ஆக்கினார். பாலத்திலிருந்து குதிப்பது, மீன் பிடிப்பது, அவ்வளவுதான் விஷயம். பூர்வகுடிகளின் ஊதுகருவியான டிட்ஜெரிடூவின் முழக்கத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகளின் கீச்சுக்குரலே முன்னால் நிற்கிறது, எம்.ஐ.ஏ. ஒதுங்கி நிற்கிறார். லைபீரியாவில் முன்னாள் சிறார் போராளிகளைச் சந்தித்த அனுபவம் ‘20 டாலர்’ பாட்டுக்குள் வந்தது, ஒரு ஏ.கே. துப்பாக்கி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே தலைப்பு. ‘ஹசல்’ பாட்டில் லண்டன் வாழ் நைஜீரிய ராப்பர் ஆஃப்ரிக்கன் பாய் வருகிறார், விசா இல்லாதவன் பிழைப்பை அவன் வாயாலேயே சொல்கிறார்.

இந்த வரிசையில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் ஒலியை அள்ளிக்கொண்டு வந்து லண்டன் நிறுவனத்தின் பெயரில் விற்பது சரியா என்ற கேள்வியைப் பலர் எழுப்பினார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு என் பதில் பாதிதான். சென்னையில் அவர் பதிவு செய்தது சுற்றுலாப் பயணியின் ஆசையில் அல்ல, தன் வீட்டு ஒலியைத் தேடி. வில்கானியாப் பையன்களுக்குப் பாட்டில் முழு இடம் கொடுத்தார். ஆனால் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் கிளாஷ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இசைத் துண்டு இருப்பதால் அக்குழுவின் நால்வரும் பாடலாசிரியர்களாகப் பெயரோடு பதிவானார்கள். சென்னையில் மேளம் வாசித்த 22 பேரைக் குழுவின் பெயரால்தான் உலகம் அறியும். மெட்டுக்கு உரிமை உண்டு, தாளத்துக்கு இல்லை என்று பதிப்புரிமைச் சட்டமும் வழக்கமும் நெடுங்காலமாக நினைத்து வந்ததன் விளைவு இது. எம்.ஐ.ஏ. உருவாக்கிய அநீதி அல்ல. ஆனாலும் உழைப்பைப் பற்றிய ஆல்பத்தில் அது உறுத்தவே செய்கிறது.

பெயர் யாருக்கு என்ற கேள்வி அவர் தலையிலும் விழுந்தது. ‘அருளர்’ வந்தபோதே, அதன் பின்னணியில் இருந்த மூளை அமெரிக்க டி.ஜே. டிப்ளோதான் என்று எழுதும் வழக்கம் தொடங்கிவிட்டது. இருவரும் 2004-இல் ஒரு மிக்ஸ்டேப் சேர்ந்து செய்தார்கள், கொஞ்ச காலம் காதலர்களாகவும் இருந்தார்கள். ஆனால் ‘அருளர்’ ஆல்பத்தில் டிப்ளோவின் பங்கு ‘பக்கி டன் கன்’ என்ற பாட்டோடு முடிகிறது. ‘கலா’ வெளியாகும் நேரத்தில், பிட்ச்ஃபோர்க் இதழின் நேர்காணலில் எம்.ஐ.ஏ. இதை வெளிப்படையாகவே எடுத்தார். ஒரு பெண் இப்படிச் செய்திருக்க முடியாது, எங்கேயோ ஓர் ஆண் இருந்தாக வேண்டும் என்று ஆண் பத்திரிகையாளர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. தன் இசைக்கு அடித்தளம் போட்டது தானே என்று அழுத்திச் சொன்னார். பெண் கலைஞர்கள் இதைப் பொதுவெளியில் அவ்வளவு நேரடியாகப் பேசுவது அப்போது அரிது. ‘கலா’வின் பாட்டுகள் பலவற்றில் தயாரிப்பாளராகவும் அவர் பெயர் இருக்கிறது. அதை வாசிக்கத்தான் ஆட்கள் மறந்தார்கள்.

விமர்சகர்கள் ஆல்பத்தைக் கொண்டாடினார்கள். விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 100-க்கு 87. ரோலிங் ஸ்டோன் இதழ் 2007-இன் சிறந்த ஆல்பம் என்றது. விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் அந்தப் பத்தாண்டின் முதல் இடத்தையே இதற்குக் கொடுத்தார். விற்பனை வேறு கதை. அமெரிக்கப் பட்டியலில் 18-ஆவது இடம். சொந்த நாடான பிரிட்டனில் 39-ஐத் தாண்டவில்லை. முதல் ஆல்பத்தை மெர்க்குரி இறுதிப் பட்டியலில் வைத்த அதே பிரிட்டன், 2008-இல் ‘கலா’வை அந்தப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. பத்திரிகைகளுக்குப் பிடித்த, கடையில் மெதுவாகப் போகிற ஆல்பம் என்று அது நின்றுபோயிருக்க வேண்டியது. நிலைமையை மாற்றியது 11-ஆவது பாட்டு.

‘பேப்பர் பிளேன்ஸ்’ ஆல்பத்தின் மற்ற பாட்டுகளைப் போல முட்டி மோதாது. மெதுவான நடை, தாலாட்டுப் போன்ற மெட்டு. அடியில் ஓடுவது கிளாஷ் குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் துண்டு. அதுவும் குடியேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளையும் பற்றிய பாட்டுத்தான், ஆகவே இந்தத் தேர்வு தற்செயலாக இருக்க வழியில்லை. பல்லவியில் குழந்தைகள் கோரஸாகப் பாடுகிறார்கள், வரியின் பாதியில் சொல் நின்றுபோகிறது. நின்ற இடத்தில் நான்கு துப்பாக்கி வேட்டு, துப்பாக்கியில் குண்டேற்றும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் ஓசை. அதன் பிறகுதான் காசைப் பற்றிய சொல் வருகிறது. எல்லையில் பிடித்தால் கையில் விசாக்கள் இருக்கின்றன என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். போலி விசா செய்கிறவள், கொள்ளைக்காரி, ஆபத்தானவள் என்று குடியேறியைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதையெல்லாம் தானே வேஷமாகப் போட்டு ஆடிக் காட்டுகிறார். விசா மறுக்கப்பட்ட மனநிலையிலிருந்தும், புரூக்ளின் குடியேறிகளின் வாழ்க்கையிலிருந்தும் இது வந்ததாக அவரே விளக்கியிருக்கிறார்.

அந்த வேட்டுச் சத்தம்தான் தொலைக்காட்சிகளுக்குச் சிக்கலானது. எம்டிவி அதை மழுங்கடித்து ஒளிபரப்பியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மனின் நிகழ்ச்சியில் அவர் நேரில் பாடியபோதும் துப்பாக்கி ஒலியை மாற்றிவிட்டார்கள். அமெரிக்க ராப்பில் துப்பாக்கிச் சத்தம் அன்றாடம் கேட்கிற ஒன்று. ஓர் ஈழத் தமிழ்ப் பெண்ணின் பாட்டில் வந்தால் மட்டும் அது வேறு பொருள் தருகிறது என்று முடிவெடுத்தவர்கள், பாட்டு என்ன சொல்கிறதோ அதை அப்படியே நிரூபித்தார்கள்.

2008 கோடையில் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் இந்தப் பாட்டு ஒலித்தது. ஆல்பம் வந்து ஒரு வருடம் கழிந்த பிறகு பாட்டு மேலே ஏறி, செப்டம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. ஜே-ஸி, டி.ஐ., கான்யே வெஸ்ட், லில் வெய்ன் நால்வரும் சேர்ந்த ஒரு பாட்டு, இதிலிருந்து அவருடைய குரலை எடுத்தே கட்டப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வந்தது. படத்தில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ இருந்தது. அதோடு, 2006-இல் கைகூடாத கூட்டணியும் கூடியது. ரஹ்மானும் எம்.ஐ.ஏ.யும் சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. தமிழ்நாட்டில் பலருக்கு இவர் பெயர் முதலில் எட்டியது இந்த வழியாகத்தான். கோடம்பாக்கத்தில் பதிவான மேளம் உலகைச் சுற்றி வந்து, ரஹ்மானின் பெயரோடு நம் காதில் விழுந்தது.

2009 பிப்ரவரி 8-ஆம் தேதி கிராமி மேடையில் அந்த நான்கு ராப்பர்களோடு நிறைமாத வயிற்றோடு ஆடிப் பாடினார். குழந்தை பிறக்க மருத்துவர்கள் குறித்திருந்த நாளே அதுதான். மூன்று நாள் கழித்து மகன் பிறந்தான். ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஆண்டின் சிறந்த பதிவுக்கான போட்டியில் இருந்தது, வெல்லவில்லை.

அதே மாதங்களில்தான் வன்னியில் மக்கள் குண்டுகளுக்கு நடுவே சுருங்கிக்கொண்டிருந்த நிலத்தில் சிக்கியிருந்தார்கள். ஜனவரியில் டாவிஸ் ஸ்மைலியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எம்.ஐ.ஏ. அதை இன அழிப்பு என்றே சொன்னார். அமெரிக்கப் பொழுதுபோக்கு உலகில் அன்று அந்தச் சொல்லைச் சொல்ல வேறு யாரும் இல்லை என்றே சொல்லலாம். புலிகளை ஆதரிக்கிறார் என்ற குற்றச்சாட்டு அதற்கு முன்பே வந்திருந்தது. 2008-இல் டிலான் என்ற இலங்கை அமெரிக்க ராப்பர் ‘பேப்பர் பிளேன்ஸ்’ மெட்டிலேயே ஒரு எதிர்ப்பாட்டு வெளியிட்டார். பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்று எம்.ஐ.ஏ. பதில் சொன்னார். அவருடைய அரசியல் பேச்சில் அவசரமும் மிகைப்படுத்தலும் இருந்ததுண்டு, புலிகளின் கையால் தமிழர்களே பட்டதைப் பற்றி அவர் பேசியதும் குறைவு. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பேட்டிகளில் வன்னியில் சாகும் மக்களைப் பற்றி அவர் தொடங்கும்போதெல்லாம், பேச்சு புலிகளைப் பற்றிய கேள்விக்கே திருப்பப்பட்டது. 2009-இன் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் டைம் இதழ் அவரைச் சேர்த்தது. அந்தப் பட்டியல் வந்த சில வாரங்களில், மே 18-இல், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘மாயா’ ஆல்பத்தை, ‘கலா’வைத் தூக்கிவைத்துக் கொண்டாடிய அதே பத்திரிகைகள் சில, பாட்டுகளை விட்டுவிட்டு அவருடைய பேச்சை எடைபோட்டே விமர்சித்தன.